ஹூட்டகள்ளிப் பிள்ளைக் கொட்டகை

அந்த யோசனை எனக்கு முதலில் வந்தது ஒரு வசவிலிருந்து. சரியாகச் சொன்னால் வசவு கூட இல்லை, வசவு என்று காதில் விழுந்த ஒரு கேள்வி.

ஹூட்டகள்ளிப் பக்கம் புதிதாகப் போட்டிருந்த லேஅவுட்டில், கட்டட வேலைக்கு வந்தவர்களின் குடிசைகள் ஒரு வரிசையாக இருந்தன. முதல் சில குடிசைகளில் ராய்ச்சூர்க்காரர்கள். அவர்களிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தவள், அதே வாய்வேகத்தில் அடுத்த வாசலில் நின்று "ஏனு பேக்கு?" என்றேன். என்ன வேண்டும் என்று அர்த்தம். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழை முந்திக்கொண்டு கன்னடம்தான் வரும்.

வாசலில் நின்றவள் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த சித்தாள். இடுப்பில் நடை பழகும் வயதில் ஒரு குழந்தை. அதை இன்னும் கொஞ்சம் ஏற்றி இடுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் பேக்கா? யாரப் பாத்து பேக்குங்கற? நீ பேக்கு, உன்ன அனுப்புனவன் பேக்கு!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவளுடைய நாத்தனார். ராமாபுரத்துக்காரர், இரண்டு பாஷையும் தெரிந்தவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அடியே, அவங்க திட்டலடி. கன்னடத்துல வேணுங்கறதுக்குத்தான் பேக்கு. என்ன வேணும்னு கேக்கறாங்க."

"அப்ப அதத் தமிழ்லயே கேக்கறதுக்கு என்னவாம்?"

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பஸ்ஸுல கண்டக்டரு 'எல்லிகே'ன்னு கேட்டதுக்கே, எள்ளு எங்கிட்ட இல்லீங்கன்னு சொன்னவ இவ."

எல்லிகே என்றால் எங்கே என்று அர்த்தம். மூவரும் சிரித்தோம். ஆனால் சைக்கிளில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. ஏன், பேக்கு? நான் கேட்டது உண்மையிலேயே பேக்குத்தனமான கேள்விதானோ? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் சபையின் ஆயர் அந்தப் பழைய கதையைப் பிரசங்கித்திருந்தார். கடன்காரன் வாசலில் நிற்க, விதவை ஒருத்தி தீர்க்கதரிசியிடம் ஓடி வருகிறாள். உனக்கு நான் என்ன செய்யட்டும் என்கிறார் அவர். அதோடு விடவில்லை, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. ஊற்ற ஊற்ற அது வற்றவில்லை, அதை விற்றுக் கடனை அடைத்தாள். மிச்சமெல்லாம் அந்தக் குடத்திலிருந்து வந்ததுதான். பிரசங்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, பாதிக் கேள்வியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! ரயில்வே கேட் மூடியிருந்தது. பெடலில் ஒரு காலை வைத்தபடி நின்ற அந்த இடத்தில்தான் தீர்மானித்தேன், மறுபடி போவது என்று.

என்னை அனுப்பியது எங்கள் சபை. கடல் கடந்த ஒரு சபை எங்களுக்குக் கூட்டாளி. அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வரப்போகிறார்கள், ஏழைகளின் தேவைகளை விசாரித்து வை என்று ஆயர் சொல்லியிருந்தார். எனக்கு மூன்று பாஷை தெரியும், வேலை இன்னும் கிடைக்கவில்லை. இதைவிட என்ன தகுதி வேண்டும்? நல்ல மனிதர்கள்தான் அவர்கள். முந்தின வருடம் பெட்டி பெட்டியாகக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பியிருந்தார்கள். மைசூர்க் குளிருக்கு அது ரொம்ப ஜாஸ்தி. சித்தாள்கள் அதை இரண்டாக மடித்துத் தலையில் வைத்து, அதன்மேல் செங்கல் சட்டி சுமந்தார்கள். சும்மா வந்தது சும்மாடாயிற்று. அன்பு வீணாகவில்லை என்று ஆயர் சமாதானம் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அன்பு கொஞ்சம் விசாரித்துவிட்டு வந்தால் என்ன?

இரண்டாம் முறை போனபோது தமிழிலேயே கேட்டேன்: "உங்ககிட்ட என்னெல்லாம் இருக்கு?"

யாரோ ஒருத்தி வாசலில் இருந்த குடத்தை உள்ளே எடுத்து வைத்தாள்.

"எதுக்கு? ஜப்திக்கா?" என்றாள் மேட்டூர்க்காரி.

"இல்ல, சும்னெ கேக்கறேன்."

"கொசு இருக்குது. மூட்டப்பூச்சி இருக்குது. எங்க வீட்டுக்காரருக்கு வாய் இருக்குது. எழுதிக்க."

எழுதிக்கொள்ளவில்லை, உட்கார்ந்துகொண்டேன். பேச்சு குழந்தையிடம் வந்து நின்றது. குடிசைகள் ஒரு கோடியில், வேலை நடக்கும் இடம் மறு கோடியில். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. மணல் குவியலில் உட்கார வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறுவாள். சில நாள் முன்பு அது தவழ்ந்து, கட்டடத்துக்குத் தண்ணீர் தேக்கியிருக்கும் தொட்டியின் விளிம்பு வரை போய்விட்டது. யாரோ ஓடிப்போய்த் தூக்கினார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கேலி வரவில்லை.

"இன்னொருவாட்டி அப்படி ஆச்சுன்னா ஊருக்கே போயிருவேன். அங்க சோறு இல்ல. ஆனா தொட்டியும் இல்ல."

வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆள்? சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனபிறகு வேலைக்குப் போகாத ராமாபுரத்து அக்கா இருந்தார். அவருக்கு அரிசியும் விறகும் தாய்மார்கள் முறைவைத்துக் கொடுக்கலாம். கொட்டகை? ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு கொட்டகை போடத் தெரியாதா? சாரக் கம்பு இருக்கிறது, பழைய தகரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிறது. இல்லாதது கொட்டகை நிற்க மூலை ஜாகா ஒன்றுதான். லேஅவுட் ஓனர் இவர்கள் பேச்சை வாசலிலேயே வெட்டிவிடுவார்.

நான் எழுந்தபோது மேட்டூர்க்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புள்ளைய விட்டா, உங்க சாமி கும்புடச் சொல்லுவீங்களா?"

"மாட்டோம்."

"இப்ப மாட்டோம்பீங்க."

ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார், ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேருக்கும் குணமானது குணமானதுதான், பிடுங்கிக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

"ஒம்போது பேருக்கு அவசர வேல இருந்திருக்கும்," என்றாள்.

கமிட்டியில் நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். செயலாளர் அங்கிள், பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"அல்லம்மா, அந்த வெளிநாட்டுச் சபைக்காரங்க கட்டடமே கட்டித் தர்றேங்கறாங்க. நீ தகரக் கொட்டகை போதும்ங்கற. வேண்டாம்னு சொன்னா அடுத்த வருஷம் யார் திரும்பிப் பார்ப்பாங்க?"

"வேண்டாம்னு சொல்லல அங்கிள். இவங்களால முடிஞ்சத அவங்க ஏன் செய்யணும்னு கேக்கறேன். காணிக்கைப் பெட்டியில ரெண்டே காசு போட்ட ஏழை விதவையப் பாத்து ஆண்டவர் பாராட்டினார் அல்லவா? நீ ஏழை, உள்ள வெச்சுக்கோன்னு தடுக்கலையே. நாம தடுக்கறோம். கொடுக்கற பாக்கியம் பூரா நமக்கும் வெளிநாட்டுக்கும், வாங்கற வேலை மட்டும் அவங்களுக்கா?"

"பிரசங்கம் பண்ண எனக்கும் ஓர் ஆள் கிடைச்சாச்சு," என்று ஆயர் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. ஆனால் ஓனரைப் பார்க்க நாங்கள் கிளம்பியபோது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றவர் அவர்தான்.

ஓனருக்கு ஒரே பயம்: கொட்டகை போட்டால் காலி செய்யமாட்டார்கள். நான் தர்மம், நியாயம் என்று ஆரம்பித்தேன். அங்கிள் என் கையை அழுத்தி நிறுத்திவிட்டு, சுத்த மைசூர்க் கன்னடத்தில், "அந்த சைட் விற்கிற அன்றைக்குக் கொட்டகை இருக்காது, நான் ஜவாப்தாரி, என் பொறுப்பு," என்றார். அவ்வளவுதான், ஓனர் சம்மதித்துவிட்டார். எங்கள் சபையிடம் இருந்த எண்ணெய்க் குடம் அந்த ஒரு வாக்கியம்தான் என்று எனக்குத் தோன்றியது.

தம்பதி வந்தபோது கொட்டகைக்குத் தகரம் ஏறிவிட்டது. அந்த அம்மாள் கீழே, பாயிலேயே உட்கார்ந்தார். இவர்களுக்கு என்ன தேவை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

மேட்டூர்க்காரி உடனே, "எங்களத்தான் எல்லாரும் கேக்கறாங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு கேளு," என்றாள்.

எப்படி மொழிபெயர்ப்பது? தயங்கி, அப்படியே சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் மாறியது. அப்படி அவரை யாரும் கேட்டதில்லை போலும். தங்கள் சபையில் இப்போது வயதானவர்கள்தான், ஆராதனையில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்டுப் பல காலம் ஆகிறது என்றார்.

"சத்தமா?" ராமாபுரத்து அக்கா சிரித்தார். "வேணுங்கற மட்டும் அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க அம்மிணி. இங்க தலவலியே அதாலதான்."

இதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் பையிலிருந்து டேப்ரெக்கார்டரை எடுத்தார். கொட்டகையில் இருந்த பத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்த, அதைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். கட்டடப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகளின் மத்தியான முட்டைக்கு மட்டும் உதவி கேட்டோம். அதற்கு உடனே சரி என்றார்கள்.

அந்தக் கொட்டகை நன்றாகவே ஓடியது. வேலை இடைவேளையில் மேட்டூர்க்காரி சாரத்திலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் பிள்ளை இப்போது ஓடவே ஓடுகிறது. கன்னடமும் பேசுகிறது, அவளுக்குத்தான் பாதி புரிவதில்லை.

ஆனால் கட்டட வேலை ஓரிடத்தில் நிற்கிற வேலையா? போன வாரம் வரிசையில் பாதிப் பேருக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் வேலை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அங்கே ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. மேட்டூர்க்காரி என்னைப் பார்த்ததும், "தொட்டிக்கே பயந்தேன், இப்ப காவேரியேவா?" என்றாள். அவர்களோடு அக்காவும் போகிறார். கொட்டகைதான் போக வழியில்லாமல் நிற்கிறது.

ஆகவே, கொட்டகையையும் கூட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். ஆணிக்குப் பதில் போல்ட் போட்டால் கழற்றி மாட்டலாம் என்று மேட்டூர்க்காரியின் வீட்டுக்காரர் சொல்கிறார். கம்பு கம்பாக அடையாளம் வைத்து டிராக்டரில் ஏற்றலாம். இங்கே தங்குகிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கிளும் நானும் ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறோம். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாது, எப்படிப்பட்டவர் என்றும் தெரியாது. முதலில் அங்கிளைப் பேச விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆற்றைவிட்டு எட்ட, மேட்டில், நிழலுள்ள மூலையாகக் கேட்க வேண்டும்.