மாதாவுக்கென்று வளர்த்த முடி

மண்ணெண்ணெயும் கார்போலிக் சவர்க்காரமும் கலந்த வாடை... விரலிடுக்கில் ஏறினால் திங்கட்கிழமை விரிவுரை வரைக்கும் போகாது. பல்கலைக்கழகச் சமூக சேவைச் சங்கத்துப் பெண்கள் நாங்கள் அந்த வாடையோடு பெருமையாகத் திரிந்தோம்.

சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ‘இனிய நினைவு’ ஒன்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது இதுதான். இனிக்கவில்லையென்றால் போடாமல் விடட்டும்.

இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளைக்காரன் போகப்போகிறான், நாட்டை நாங்கள்தான் நடத்தப்போகிறோம் என்ற நினைப்பு எல்லோருக்கும். சனிக்கிழமை காலையில் கொழும்பு வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, டிராம் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். துறைமுகத்தில் வேலை செய்த குடும்பங்களின் தோட்டங்கள் அங்கே. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப்.

அந்த வருடம் ‘சுகாதார வாரம்’ வந்தது. எந்தச் சங்கம் கூடுதலான பிள்ளைகளைச் சுத்தப்படுத்துகிறதோ அதற்குக் கிண்ணம். பேன் பிடித்த தலையைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் பூசி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையில் பேக்கரியில் வாங்கிய ஒரு பணிஸைக் கொடுத்து அனுப்ப வேண்டும். மாவுக்குத் தட்டுப்பாடு. பணிஸ் வாசத்துக்கே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

தாய்மார் எவரும் அங்கே இல்லை. மத்தியானம் வரை தேயிலை ஸ்டோரில் வேலை அவர்களுக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் போனோம். எங்கள் தலைவர் இராசநாயகத்தின் யோசனை அது. "தாய்மார் நிண்டால் வழக்காடுவினம். வேலை ஓடாது."

பிலோமி என்ற சிறுமி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எட்டோ ஒன்பதோ வயது. பின்னலை அவிழ்த்தேன், இடுப்புக்குக் கீழே விழுந்தது. பேன் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கத்தரிக்கோலை எடுத்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டாதீங்க அக்கா. இது மாதாவோட முடி."

"எந்த மாதா?"

"மடு மாதா. அப்பா கப்பல்ல போயிருக்கு. வந்ததும் மடுக் கோயிலுக்குப் போய்க் குடுக்கணும். அம்மா நேர்ந்திருக்கு. அதுவரைக்கும் கத்தி படக்கூடாது."

எனக்கு விளங்கியது. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. ஒன்றும் விளங்காத வெள்ளைக்காரச் சீமாட்டி இல்லை நான். நெருப்புக் காய்ச்சலில் பிழைத்த என் தம்பியைக் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய், மொட்டையடித்து நேர்த்தி முடித்தவர் என் அம்மா.

இராசநாயகத்திடம் போய்ச் சொன்னேன். கையில் பெயர்ப் பட்டியல், முகத்தில் தலைகள் போதாதே என்ற தவிப்பு.

"நீர் சயன்ஸ் படிக்கிற ஆள்தானே? இவளை விட்டால் அங்காலை நிக்கிற ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதாவைச் சொல்லுவாள். போய் வெட்டும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கெதியா வளர்ந்திடும் பிள்ளை, அழாதை" என்று சொல்லி, அவள் நெற்றியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். அவள் கத்தவில்லை. பணிஸை வாங்கவும் இல்லை.

தாய் அருளம்மா, சேலையெல்லாம் தேயிலைத் தூசியாக மத்தியானம் வந்தார். மகளைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"ஆறு மாசமா அவருகிட்டயிருந்து கடுதாசி இல்ல மிஸ். கப்பலுக்கெல்லாம் குண்டு போடுறாங்களாம். எங்கிட்ட வேற என்னா இருக்கு, மாதாவுக்குக் குடுக்க?" மகளின் தலையைத் தடவிப் பார்த்தார். "சரி... வெட்டின முடியையாவது தாங்க. கழுவி முடிஞ்சு வைக்கிறேன். அதைக் கொண்டு போறேன்."

முடி இல்லை. பேன் பரவக்கூடாதென்று வெட்டியதையெல்லாம் தகரத்தில் போட்டு எரிப்பது எங்கள் ஒழுங்கு. தகரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கையால் அதைக் காட்டினேன்.

அடுத்த அறைக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "கேக்காம மொட்டையடிக்கத்தான் யுனிவர்சிட்டில சொல்லிக் குடுக்கிறாங்களா?"

இராசநாயகம் கடிகாரத்தைப் பார்த்து, "டிராம் போயிடும், வாருங்கோ" என்றார். போனோம். ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை.

வருட அறிக்கையில் அது ஒரே ஒரு வரி. ‘மூடநம்பிக்கையால் சிறு எதிர்ப்பு எழுந்தது, சமாளிக்கப்பட்டது.’ கிண்ணம் எங்களுக்கே. மேடையேறி அதை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

யுத்தம் முடிந்தபின் தனியே ஒருநாள் போனேன். அந்த அறையில் வேறு குடும்பம். "முகத்துவாரம் பக்கம் போயிட்டாங்க போல" என்றார்கள். முகத்துவாரம் என்ன, கடல் கடந்தா இருக்கிறது? நடந்தே போயிருக்கலாம். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது என் மகளும் பல்கலைக்கழகத்தில். போன கிழமை துள்ளிக்கொண்டு வந்தாள். கொம்பனித்தெருத் தோட்டமொன்றில் துப்புரவுச் சிரமதானமாம்.

"வாசலில தொங்குற சாக்கெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு வெள்ளையடிக்கப் போறம் அம்மா."

அந்தச் சாக்குக்குப் பின்னால்தான் ஒரு பெண் உடுப்பு மாற்றுகிறாள் என்று இவளுக்கு யார் சொல்வது?

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"தோட்டத்துச் சொந்தக்காரரை."

"அங்க இருக்கிற சனத்தை?"

"அவையள் வேண்டாமெண்டே சொல்லப்போகினம்?"

நான் போட்ட சத்தம் பஸ் ஓடும் காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். கொடி மாறிவிட்டது, கவர்னர் போய்விட்டார், சங்கத்துக்குத் தமிழில் கடிதத் தாள்கூட அச்சடித்துவிட்டார்கள்... ஏழை வீட்டு வாசலில் நின்று ‘வரலாமா’ என்று கேட்க மட்டும் இன்னும் ஒருவரும் பழகவில்லை.

மகள் மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கட்டும், அவள் கோபம் ஆறிவிடும். அருளம்மாவின் புருஷன் கரை சேர்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.