எறும்பு வீடு திரும்பிய நாள்

1991இல் மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, வடக்குப்பட்டில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி போட்டேன். விவசாயத்தைப் பற்றி நிறையப் படித்திருந்ததுதான் காரணம்; படிக்காதவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. காயில் புழு வந்தது. மருந்தடித்தேன். பாதி செடியில் விழுந்தது, மீதியைக் காற்று வரப்புப் புல்லில் சேர்த்தது.

அங்கே வரப்புப் புல் மாடு வைத்திருப்பவருக்குச் சொந்தம். பக்கத்து நிலத்து அக்காவிடம் ஒரு கறவைப் பசு இருந்தது. அவள் கைக்குழந்தைக்கு அந்தப் பால்தான். அரிவாளோடு வந்தவள் வாடை பிடித்து நின்றுவிட்டாள்.

“இன்னா தம்பி, புல்லு மேலயும் அடிச்சிக்கீற. எப்போ அறுக்கலாம்?”

புட்டியில் ஒட்டியிருந்த சீட்டு தண்ணீரில் ஊறி, நாள் கணக்கு இருந்த இடத்தில் சரியாகக் கிழிந்திருந்தது. எனவே விளக்கம் கொடுத்தேன்: வெயில் மருந்தை உடைக்கும், ஈரம் பிரிக்கும், மிச்சத்தை மண்ணிலுள்ள கிருமிகள் தின்னும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை நாளில் என்றாள். நான் படித்ததில் அந்தப் பக்கம் இல்லை. அதுவரை ஏரிக்கரையிலிருந்து நானே புல் கொண்டுவருவதென்று முடிவாயிற்று. சைக்கிளில் புல்கட்டோடு என்னைப் பார்த்த சக தொழிலாளி, கேன்டீன் சாப்பாடு போதவில்லையா என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் மருந்தின் அழுகிய பூண்டு வாடை போய்விட்டது. மூக்கை மட்டும் நம்புவது விஞ்ஞானமாகாது என்று வரப்புப் புல்தாள்களில் வெல்லப்பாகு தடவினேன். அரைமணியில் எறும்புச் சாரை. அக்காவைப் பெருமையோடு கூட்டிவந்தேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“வர்றது சரி. ஒண்ணாவது வூட்டுக்குத் திரும்பிப் போவுதா பாரு.”

போகவில்லை. புல்லின் அடியில் கறுப்பாகக் கிடந்தன.

அப்புறம் தினமும் வெல்லம், தினமும் புல்கட்டு. எட்டாம் நாள் எறும்புகள் தள்ளாடின. பன்னிரண்டாம் நாள் ஓர் எறும்பு வெல்லத் துணுக்கோடு வளைக்குள் நுழைந்தது. என் வாழ்நாளில் வேறு யார் வீடு திரும்பியதையும் அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

அக்கா அதையும் ஏற்கவில்லை. எறும்பா பால் கறக்கிறது என்று கேட்டாள். பழைய புல்லை ஒட்ட அறுத்துப் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டு, புதுத் துளிர் வரட்டும் என்றாள்.

“அது கெடக்கட்டும். புல்லுல இருந்த மருந்து இப்போ எங்க கீது?”

வெயில், ஈரம், கிருமி என்று தொடங்க வாயைத் திறந்தேன். நடுவில் ஒருநாள் பெய்த மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியே ஏரிப்பக்கம் போனது நினைவுக்கு வந்தது. நான் புல்லறுக்கும் ஏரி. அன்றைய புல்லுக்கு வேறு திசையில் சைக்கிளைத் திருப்பினேன்.