மூக்கைத் தூக்கிய வண்டி

செங்குட்டுவன் திருவொற்றியூரில் பிக்கப் ஓட்டுகிறவன். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றுவான். அவன் மூளை முழுவதும் வண்டிக்கு அழகு செய்வதில் செலவாகிறது. மீதி இருந்தால் மற்றதற்கு. அவன் தாயார் பட்டம்மாளுக்கு இடுப்பில் கம்பி வைத்திருக்கிறது. சிறுநீரகமும் வேலை நிறுத்தம் செய்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஓட்டிப் போவது அவன். ஏற்றி இறக்குவது, நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்த நான்.

ஆட்டோவில் பட்டம்மாளுக்குக் கால் மடங்காது. ஆம்புலன்ஸ் என்றால், "அப்டியே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு வுடச் சொல்லு" என்பாள். மிச்சம் இருப்பது பிக்கப்பின் முன் சீட்டுதான். அதற்குத் தெருவில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் முன் பம்பரில் உட்காருவார்கள். வண்டி முட்டி போடும். சக்கர நாற்காலியும் சீட்டும் ஒரே மட்டத்துக்கு வரும்போது நான் அவளை உள்ளே நகர்த்திவிடுவேன்.

போன மாதம் செங்குட்டுவன் வண்டியின் முகப்பில் கனத்த இரும்புத் தடுப்பு ஒன்றை மாட்டினான். யானை மோத வரும் என்று பயந்தானோ என்னவோ. எண்ணூர் சாலையில் நான் இதுவரை யானையைப் பார்த்ததில்லை. பாரத்தில் வண்டியின் மூக்கு தொங்கியது. பட்டம்மாள் ஏற அது வசதிதான். அவனுக்குத்தான் மானம் போயிற்று. மெக்கானிக் வசீமிடம் போய், முன்னால் ஹெவி டூட்டி ஸ்பிரிங் பட்டைகள் போட்டு நிமிர்த்திக்கொண்டான். மறுநாளே போக்குவரத்துப் போலீஸ்காரர் மறித்து, தடுப்பைக் கழற்ற வைத்தார். பாரம் போனது. அதைத் தாங்கப் போட்ட ஸ்பிரிங் இருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

"கெத்தா கீதுல்ல, நர்ஸம்மா?"

"இருக்குது. உங்கம்மாவுக்கு ஏணி வாங்கிட்டியா?"

அன்று டயாலிசிஸ் நாள். பட்டம்மாளுக்குக் கால் வீங்கி மூச்சு இரைத்தது. தாமதித்தால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்கு நுரையீரலில் நீர் ஏறும். பம்பரில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பிறகு நான்கு பேர். வண்டி மரியாதைக்குக்கூடக் குனியவில்லை.

செங்குட்டுவன் வசீமுக்கு போன் போட்டான்.

"பழைய பட்டையா? காயலான் கடைக்குப் போயிட்ச்சு மாமு. வெயிட்டு இல்லாத வண்டிக்கு ஹெவி டூட்டிய எவன் போடுவான்?"

"நீதான்டா போட்டே!"

இந்த ஆராய்ச்சி முடிவதற்குள் பட்டம்மாள் முடிந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. டீக்கடை எதிரில், குழாய் பதிக்க வெட்டி, மூடாமல் விட்ட பள்ளம் இருந்தது.

"முன்சக்கரத்தை அதுல இறக்கு."

"புது ஸ்பிரிங்கு, நர்ஸம்மா!"

"அம்மா பழசு. இறக்கு."

இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி கடைசியில் தலை குனிந்தது. பள்ளத்தின் மேல் பலகை போட்டு நாற்காலியைச் சீட்டோடு ஒட்ட வைத்தேன், அவளை உள்ளே நகர்த்தினேன், கதவைச் சாத்தினேன்.

"இதுக்குப் பேருதான் கெத்தாடா, நைனா?" என்றாள் பட்டம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

மெஷின் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து, அடுத்த டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரத்தில், அந்தப் பள்ளத்தை மூட ஆட்கள் ஜல்லியோடு வந்தார்கள். மூடச் சொல்லி மாதக்கணக்கில் கத்திய தெரு அது. செங்குட்டுவன் பள்ளத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"மூடாதண்ணா! பழைய ஸ்பிரிங்கு தேடிக்கினு கீறேன். அம்மா ஏறணும்ணா!"

வேலையைத் தள்ளிப்போட ஒருவன் கெஞ்சுவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஜல்லியைக் கொட்டாமல் திரும்பிப் போனார்கள். நான் பலகையை எடுக்கப் போனேன்.