ஜுவேரியாவுக்கு வராத கணக்கு டீச்சர்

மயிலாப்பூர் கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்தபோது ஜுவேரியா ஏழாம் வகுப்பு, அவள் அக்கா ஜோயா ஒன்பது. ஊருக்கு வெளியே, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் சின்னம்மாவின் ஒற்றை அறையில் இன்னும் ஒருத்திக்குத்தான் இடமிருந்தது. பெரிய வகுப்பு என்பதால் ஜோயா அங்கே தங்கிப் பழைய பள்ளியிலேயே படித்தாள். ஜுவேரியா பெற்றோரோடு போனாள்.

கணக்கில் கெட்டிக்காரி ஜுவேரியாதான். அக்காவே அவளிடம் சந்தேகம் கேட்பாள். ஆனால் புதுப் பள்ளிக்கு இரண்டு வருஷம் கணக்கு டீச்சரே வரவில்லை. பிறகு வந்தவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார். வகுப்பில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்தார்கள், மீதிப் பேர் வருவதையே நிறுத்தினார்கள். பத்தாவதில் கணக்கில் தோற்றாள். பத்தொன்பதில் கல்யாணம். இப்போது தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை மடிக்கிறாள். ஜோயா அடையாறில் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட்.

போன ஜூனில் ஓர் அறக்கட்டளை ஜோயாவுக்குச் சால்வை போர்த்தியது. பட்டு ஜிப்பா போட்ட தலைவர் மைக்கைப் பிடித்தார். குடிசைப் பக்கம் கார் கண்ணாடியைக்கூட இறக்காத மனிதர்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க ரெண்டு பேர். ஒருத்தி உழைச்சா, ஒருத்தி உழைக்கலை. ஏழ்மைங்கிறது மனசுலதான் இருக்கு."

கூட்டம் கைதட்டியது. எதைச் சொன்னாலும் தட்டுகிற கைகள்.

கூட்டத்தில் இருந்த ஜுவேரியா எழுந்தாள். "சார், உங்க பேரன் எங்க படிக்கிறாரு?"

பள்ளியின் பேரைப் பெருமையாகவே சொன்னார்.

"அங்க கணக்கு டீச்சர் கீறாங்களா?"

"ஆறு பேர் இருக்காங்க. ஏம்மா?"

"எல்லாம் மனசுலதானே கீது? ஆறு பேர் எதுக்கு? எங்க ஸ்கூல்ல சேத்துடுங்க சார். அங்க ஒருத்தரும் இல்ல. உங்க பேரன் உழைச்சிக்குவாரு."

தலைவர், குழந்தை உளறியதுபோல் சிரித்துவிட்டு, பக்கத்து அறையில் டிபன் இருப்பதாக அறிவித்தார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

வெளியே வந்ததும் ஜோயா சீறினாள். "ஏன்டி என் மானத்த வாங்குற?"

"உன்னையா சொன்னேன்? நீ எனக்குப் பதிலா அங்க போயிருந்தா, புடவை மடிக்கிறது நீதான்க்கா."

ஜோயா சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த மாதமே ஜுவேரியா அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு மயிலாப்பூர்ச் சந்தில் ஜன்னலில்லாத ஓர் அறைக்குக் குடிவந்தாள். மகள் புஷ்ராவை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள்.

"சொந்த வூட்ட வுட்டுட்டு இந்தப் பொந்துலயா?" என்று அம்மா கத்தினாள்.

"வூடு கீதும்மா. பொண்ணு படிக்க அங்க இன்னா கீது?"

சில வாரம் கழித்து, மகள் படிப்புக்காக அவள் வீடு மாறியதைக் கேள்விப்பட்ட அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. 'தன்னம்பிக்கைத் தாய்' என்று மேடையில் பேச வருவாளா என்று கேட்டார்கள்.

"கடையில கூட்டம்" என்று வைத்துவிட்டாள். கடையில் அப்போது ஓர் ஆள்கூட இல்லை.