ஒட்டாத இரும்பு

மனோங் டெல்பினுக்குத் தீப்பெட்டி தேவைப்பட்டதில்லை. வெல்டிங் ராடு தீர்ந்ததும், இன்னும் சிவந்திருக்கும் அதன் நுனியை உதட்டருகே கொண்டுபோய், மீசை பொசுங்காமல் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். தொழிற்கல்லூரியின் முதல் சனிக்கிழமை வகுப்பிலேயே எங்கள் ஆசிரியை அல்மிரா அதைப் பார்த்துவிட்டார்.

"பட்டறைக்குள்ள புகை பிடிக்கக் கூடாது, மனோங்."

"நானா? இது வெல்டிங் புகை, மேம்," என்று சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார் டெல்பின்.

மனோங் என்றால் அண்ணன். வயதில் மூத்த எந்த ஆணையும் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். டெல்பின், அவரைவிட மூத்தவர்களுக்கும் மனோங். குட்டையான ஆள். முன்னங்கை முழுக்கத் தீப்பொறி தின்ற வெள்ளைப் புள்ளிகள். முகமூடி போடமாட்டார், சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடிதான், அதுவும் ஒரு பக்கக் காது ஒடிந்து கம்பியால் கட்டியது. ஊரின் ஜன்னல் கிரில், வாசல் கேட், மோட்டார் டிரைசிக்கிளில் ஆள் உட்காரும் பக்கப்பெட்டி எல்லாம் அவர் கைவேலை. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை.

"எனக்கு இங்க படிக்க ஒண்ணுமில்ல, இன்டாய்," என்பார் என்னிடம், தங்கச்சி என்ற அர்த்தத்தில். "கொரியாவுல கப்பல் கட்ட ஆள் எடுக்கிறான். சர்டிபிகேட் கேக்குறான். காகிதத்துக்காக வந்தேன். நீ எதுக்கு வந்த? இரும்பத் தொடுறதுக்கு முன்னால நகத்த வெட்டு."

நான் தையல்காரி. கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஊசியைவிடப் பெரிதாக ஏதாவது பழகலாம் என்று சேர்ந்தவள். என் பற்றவைப்பு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போலிருக்கும். டெல்பினுடையது மீன் செதில்: ஒன்றின் மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல், மினுமினுவென்று. எத்தனையோ கல்யாணக் கவுன் தைத்த எனக்கே பொறாமையாக இருந்தது. வகுப்புப் பையன்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, வளைத்துப் பார்க்கும் சோதனை. அவரவர் இணைத்த கனமான தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அழுத்தும் எந்திரத்தில் வைத்து லாடம் போல வளைக்க வேண்டும். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் வளையும். பிடிக்காவிட்டால் வாயைப் பிளக்கும். என் கம்பளிப்பூச்சி முனகிக்கொண்டே வளைந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல், அவ்வளவுதான். டெல்பின் எனக்காகக் கை தட்டினார். பிறகு தன் துண்டை எந்திரத்தில் வைத்துவிட்டு, பையன்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டப்பென்று தேங்காய் உடைந்தது போலச் சத்தம். தகடு பாதிகூட வளையவில்லை. இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"இரும்பு மட்டம்," என்றார்.

அடுத்த துண்டும் பிளந்தது. அதற்கடுத்ததும். பையன்களின் சிரிப்பு நின்றுபோனது. டெல்பின் உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே அந்த மினுமினுப்பான செதில். கீழே இரும்பு தொடப்படாத கன்னியாக இருந்தது. ஒட்டுவதற்கு முன் அவர் கிரைண்டரால் தேய்த்த கீறல்கள்கூட அழியவில்லை. இரண்டு துணிகளில் ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டு ஓடிய தையல்.

"கரண்டக் கம்மியா வெச்சு வேகமா இழுக்கிறீங்க, மனோங்," என்றார் அல்மிரா. "மெல்லிசு பைப்புக்கு அது சரி. கனமான இரும்புல மேலாகத்தான் படியும், உள்ள உருகாது."

"நான் எப்பவும் இப்பிடித்தான மேம் போடுவேன்."

"எப்பவுமா?" அல்மிராவின் குரல் இறங்கிவிட்டது. "ஆளு ஏறுற மாதிரி, வெயிட்டு தாங்குற மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

 டெல்பின் உள்ளங்கைக்குள் மறைத்திருந்த சிகரெட் விரலைச் சுட்டது. அதை உதறக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, பாலர் பள்ளி முற்றத்திலிருந்து கிரைண்டர் சத்தம் கேட்டது. டெல்பின் ஏணியில் நின்று, முன்பு தானே செய்து போட்ட குழந்தைகளின் ஊஞ்சலை அறுத்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி மெர்லிண்டா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "பெரண்டுபோச்சு, இந்த மனுசனுக்கு மூள பெரண்டுபோச்சு! கொரியாவுக்குப் போறேன்னு சொன்னவரு ஊஞ்சல் கழுத்த அறுக்கிறாரு!"

ஊர்த்தலைவர் ருவெல் வந்தார்; கேப்டன் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். "எறங்குய்யா. வருசக்கணக்கா ஆடுற ஊஞ்சல். உன் பொண்ணே இதுல ஆடினவதான்."

"ஆமா, அவளும் ஆடினா," என்றார் டெல்பின்.  இன்னும் அறுக்காத ஒரு மூட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தார். குறுக்குக்கம்பி சங்கிலியோடு பிய்ந்து மண்ணில் விழுந்தது.

 பக்கத்தில் சறுக்குமரத்தின் உச்சியில் தன் குழந்தையை உட்கார வைத்திருந்த ஒருத்தி அதை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு வெகுநேரம் கீழே இறக்கிவிடவே இல்லை.

"சந்தைத் தண்ணித்தொட்டிக்கும் நான்தான் கால் போட்டேன், கேப்டன்," என்றார் டெல்பின்.

"திருவிழா முடியட்டும்."

"திருவிழாவுல அதுக்கடியிலதான ஊரே உக்காந்து சாப்பிடும்?"

அவரோடு படிப்பவள் என்று தலைவர் என்னைப் பார்த்தார்.  எனக்கு அந்தப் பிளந்த தகடுதான் கண்ணில் நின்றது. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், டெல்பின் நேரே சந்தைக்குப் போய்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். மீன் கடைகளுக்கிடையே தண்ணீர் ஓடியது. கருவாட்டுக்காரி ஒருத்தி முழங்காலளவு பாவாடையைத் தூக்கிக்கொண்டு அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டினாள். அவர் காலடித் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார்.

காலியான தொட்டியைக் கயிறு கட்டி இறக்கும்போது, யாரும் கை வைக்காத ஒரு குறுக்குச் சட்டம் தானாகவே கழன்று, சாப்பாட்டுக் கடையின் பெஞ்சில் விழுந்தது. பலகை இரண்டாக ஒடிந்தது. தலைவர் சிலுவை போட்டுக்கொண்டார். கருவாட்டுக்காரி வசவைப் பாதியில் நிறுத்திவிட்டு, தன் கூடையைத் தூர இழுத்துக்கொண்டாள்.

கொரியாக்காரர்கள் வந்து ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டெல்பின் போகவில்லை. வார நாட்களில் ஊரைச் சுற்றித் தன் வேலையைத் தானே உடைத்துத் திரும்பச் செய்தார்: மாடிப்படி, படகுத்துறை ஏணி, மணிக்கூண்டின் மேடை. சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்கு வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக ராடை நகர்த்தப் பழகினார்.

"எப்பிடி இருக்கு, இன்டாய்?"

"அசிங்கமா இருக்கு, மனோங்."

"நல்லது. வா, வளைச்சுப் பாப்போம்."

தொட்டியின் புதுக் கால்களின் ஒவ்வொரு மூட்டையும் அல்மிரா நேரில் வந்து பார்த்தார். தண்ணீர் ஏற்றிய அன்று நடுப்பகல். சந்தை முழுக்கத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் டெல்பின் தொட்டிக்கடியில் போய், ஒரு காலின் மூட்டில், குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல வலது உள்ளங்கையைப் பதித்தார். மேலே தண்ணீர் ஏற ஏற, இரும்பு மெல்ல முனகியது. கூட்டம் இன்னும் ஓரடி பின்வாங்கியது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பாதித் தொட்டி நிறைந்தபோது தலைவர் கூப்பிட்டார். "போதும், வாய்யா. சாப்பிட்டுட்டு வந்து பாத்துக்கலாம்." டெல்பின் அசையவில்லை.

மெர்லிண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூக்குப்பாத்திரத்தோடு தொட்டிக்கடியில் நுழைந்தாள்.  பொரித்த மீனைச் சோற்றோடு பிசைந்து, முள் பார்த்து, ஒரு கவளம் உருட்டி அவர் முகத்தருகே நீட்டினாள். அவர் இரும்பிலிருந்து கையை எடுக்காமலே வாயைத் திறந்தார்.