ரூபெர்த்தா போட்ட ஆமென்

ரூபெர்த்தாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான சோசிகாவின் மலைச்சரிவில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இருந்தாலும் அவளைப் பற்றி நல்ல வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தையல்காரி. வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் துணி மிஷினில் இருக்கும், கண் போனில் இருக்கும். எங்கோ ஒரு தேசத்தில் பேருந்து கவிழ்ந்தால் பால் பொங்குவதற்குள் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சைத் தோல் சர்க்கரை நோயைத் தீர்க்கும், குடிதண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள், நாளை முதல் வங்கிகள் திறக்காது, எல்லாம் அவள் உபயம். பொய்யென்று தெரிந்தபின் போய்க் கேட்டால், தெரிஞ்சு வச்சுக்கிறதுல என்ன நஷ்டம் என்பாள்.

தெருவின் வாட்ஸ்அப் குரூப் இதற்காகத் தொடங்கியதல்ல. மழைக்காலத்தில் எங்கள் ஓடையில் சேறும் பாறையுமாக இறங்கிவரும், ஹுவைக்கோ என்போம். மேலே ஆடு மேய்க்கும் அபுண்டியோ அதைப் பார்த்ததும் குரூப்பில் சொல்ல வேண்டும், நாங்கள் மேடேற வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. போனைக் கீழே வைக்காதவள் என்று ரூபெர்த்தாவையே பொறுப்பாளராக்கினார்கள். நல்ல நியாயம்!

பொழுது விடிந்தால் மாதா படம் போடுவாள். கீழே ஆமென் போடாதவர்களைக் கடவுள் பயமில்லாதவர்கள் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிவாள். அதற்குப் பயந்தே தெருவில் எல்லோருக்கும் கட்டைவிரல் பழகிவிட்டது. என்ன வந்தாலும் பார்க்காமலே ஆமென் போட்டுவிடும்.

அந்த பிப்ரவரி மதியம் நான் சந்தையில் கீன்வா கஞ்சி விற்றுக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் பேருந்து ஓட்டிய என் கணவர் சத்தூர்னினோ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு நாட்டு வெள்ளத்தின் வீடியோ ஒன்றை ரூபெர்த்தா குரூப்பில் போட்டிருக்கிறாள். அதன் கீழே அபுண்டியோவின் குரல் பதிவு வந்திருக்கிறது: "வருது, எல்லாரும் ஏறுங்க." அதைக் கேட்காமலே முதல் ஆமெனைப் போட்டவள் ரூபெர்த்தா. பின்னாலேயே தெரு முழுக்க ஆமென். ஒருவரும் மேடேறவில்லை. சேறு வந்து மோதியதில், ஓடையை ஒட்டிய எங்கள் சுவர் என் கணவரின் கால்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு ரூபெர்த்தா கோழி சூப் கொண்டுவந்தாள்.

"யாரோ செபம் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன்டி. கேக்க நேரமில்ல."

"கேக்க நேரமில்ல, ஆமென் போட மட்டும் நேரம் இருந்துச்சா?"

சூப்பை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

தெருச்சபை கூடிப் புது குரூப் தொடங்கியது. அபுண்டியோவைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தமில்லையென்றால் ஓடை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். பொறுப்பு எனக்கு. முதல் ஞாயிறே பூங்கொத்துப் படம் போட்டாள் ரூபெர்த்தா. அந்த நிமிடமே நீக்கினேன். வாசலில் வந்து கெஞ்சியும் திரும்பச் சேர்க்கவில்லை. மற்றவர்கள் கொஞ்சநாள் காலியான குரூப்பைத் திறந்து திறந்து பார்த்துத் தவித்தார்கள். பிறகு அடங்கினார்கள். போனை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடும் வீடுகள்கூட வந்தன.

மறுவருடம் மார்ச்சில், சாயங்காலம், போன் ஒரேயொரு முறை ஒலித்தது. தெருவே எழுந்து ஓடியது. சத்தூர்னினோவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். ரூபெர்த்தாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ வீடியோ பேசிக்கொண்டிருந்தது. கிடக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் கதவை உதைத்தேன். போனும் கையுமாக வந்து நின்றாள்.

"ஹுவைக்கோ வருது, ஏறுடி."

"எந்தக் குரூப்புல வந்துச்சு? எனக்கு ஒண்ணும் வரலியே."

ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினேன்.

மேலே நின்று திரும்பியபோது சேறு எங்கள் இரண்டு வீட்டையும் வாரிக்கொண்டிருந்தது. அவள் படம் பிடிக்கப் போனைத் தூக்கினாள். பிடுங்கி ஓடையில் எறிந்தேன். வேறு வழியில்லாமல் தன் வீடு போவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்து அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை.