கூரை ஏறிய பூசணிக் கொடி

விதையை நான் விதைக்கவே இல்லை. அது தானாக முளைத்திருந்தது. மலை மேலிருக்கும் ஓவேலிக்குக் குடிவந்த முதல் ஆடி மாதம் அது. ஊரிலிருந்து கொண்டுவந்த பூசணி விதைகளைத் தாளில் மடித்து, சமையலறைச் சுவர் அலமாரியின் அடித்தட்டில் வைத்து மறந்துவிட்டேன். பத்து நாளாக நிற்காத மழை. சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது பிசுபிசுத்துப் போன அந்தப் பொட்டலம் கையில் பட்டது. பிரித்தால், ஏழெட்டு விதைகள் வாய் பிளந்து வெள்ளை வெள்ளையாய் வேர் விட்டிருந்தன. அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கும் நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். அங்கே அரிசி களைந்த தண்ணீரைக்கூட வாளியில் சேர்த்து வைத்து ஊற்றி, முளை வந்ததா என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தவள் நான். மூன்று வருடத்தில் எங்கள் கொல்லையில் காய்த்தவை இரண்டே பூசணிகள். அதில் ஒன்று வெயிலில் வெம்பிப் போனது.

என் கணவர் செல்வத்துக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். தொழிலாளர் குடியிருப்பில் கடைசிக்கு முந்தைய வீடு எங்களுக்கு. வரிசையாக ஒட்டிக் கட்டிய தகரக் கூரை வீடுகளை இங்குள்ளவர்கள் ‘லயம்’ என்பார்கள். வீட்டுக்கு வீடு ஒரு நடுச்சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்களுக்கும் தும்மல் வரும். அந்தக் கடைசி வீட்டில் சரோஜா அக்கா இருந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கொழுந்து பறிக்கிறவர். பிரசவத்துக்காக வந்திருந்த மகள் கவிதாவும் அவரோடு இருந்தாள்.

முளைத்த விதைகளை வீட்டுப் பின்னால் ஊன்றினேன். நான் எதுவும் செய்யவில்லை, மழை பார்த்துக்கொண்டது. புரட்டாசியில் கொடி தகரத்தின் மேல் ஏறி, எங்கள் கூரையைத் தாண்டிச் சரோஜா அக்கா கூரையிலும் படர்ந்தது. தட்டு அகலத்துக்கு இலைகள். முதல் பிஞ்சைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியபோது, மலையே எனக்குச் சொந்தமானது போல இருந்தது.

சரோஜா அக்காதான் ஒரு சாயங்காலம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தங்கச்சி, இது வேணாம். பெரியவரு வருவாரு. பிடுங்கிப் போட்டுருங்க.”

பெரியவர் என்றால் எஸ்டேட் மேனேஜர் என்று நினைத்தேன். அனுமதி இல்லாமல் செடி வைத்தது தப்போ என்று பயந்து, மறுநாளே செல்வத்தை அவரிடம் கேட்கச் சொன்னேன். தேயிலைச் செடிக்கு இடைஞ்சல் இல்லாமல் என்ன வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

“பெரியவருகிட்ட கேட்டாச்சுக்கா. ஒண்ணும் சொல்ல மாட்டாராம்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கேட்டீங்களா? கும்பிட்டா மட்டும் விட்டுருவாரா?”

கையெடுத்துக் கும்பிட்டு அனுமதி வாங்கினேன் என்று கேலி செய்கிறார் என எடுத்துக்கொண்டேன். என் கொடி மேல் பொறாமை என்றுகூட நினைத்தேன். அதன் பிறகு அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை. மணி ஆறரை இருக்கும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். செல்வம் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். சரோஜா அக்காவும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிப் போயிருந்தார். நான் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். கூரையில் துணி கிழிவது போன்ற சத்தம். தொடர்ந்து தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம். முன் ஜன்னலைத் திறந்தேன். சரோஜா அக்கா வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவர் மூச்சு விட்டது.

யானை கொடியைப் பற்றி இழுக்க, கூரையும் சேர்ந்து வந்தது. எங்கள் வீடு போல அந்த வீட்டுக்குப் பின்கதவு இல்லை, ஒரே வாசல்; அதையும் அது அடைத்து நின்றது. உள்ளே கவிதாவும் பிறந்து பதினைந்து நாளான பிள்ளையும். ஆபரேஷன் பிரசவம், அவளால் குனியக்கூட முடியாது.

“கவிதா!” என்று நடுச்சுவரில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

“அக்கா, தகரம் விழுது. பிள்ளையை வாங்கிக்கங்க. என்னால ஏற முடியாது.”

அரிசி டிரம்மின் மேல் ஏறினேன். சுவருக்கு மேலிருந்த இடைவெளியில் முதலில் அவள் விரல்கள் தெரிந்தன, பிறகு துணியில் சுற்றிய பிள்ளை. கட்டில் மேல் நின்று, தையல் இழுக்க இழுக்கத் தூக்கியிருக்கிறாள். நான் வாங்கினேன். பிள்ளை அழவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“நீ மூலையில ஒண்டிக்க. நான் இங்கதான் இருக்கேன்.”

“போங்கக்கா! பின்கதவு வழியா போங்க!”

போனேன். அவளை விட்டுவிட்டுப் போனேன் என்பதை இன்றும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஈரச் சரிவில் வெறுங்காலோடு ஓடி, லயத்தின் மறுகோடியில் கத்தினேன். ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு, பட்டாசோடு ஓடினார்கள். யானை அவசரப்படவில்லை. நான்கு காய்களையும் தின்று முடித்து, கொடியின் மீதியைத் தும்பிக்கையில் சுருட்டிக்கொண்டு பனிக்குள் போனது. கவிதாவை மூலையிலிருந்து தூக்கி வந்தார்கள். தோளில் தகரம் கிழித்து ரத்தம். உயிருக்கு ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த சரோஜா அக்கா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“பெரியவரு வருவாருன்னு சொன்னேனா இல்லையா?”

“மேனேஜரைச் சொல்றீங்கன்னு நெனச்சேன்கா.”

“அவரு துரை. பெரியவருன்னா இவருதான். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.”

கூட்டத்தில் யாரோ, “கீழேயிருந்து வந்தவங்களுக்குக் காட்டைப் பத்தி என்ன தெரியும்?” என்றார். நான் தலை குனிந்தேன். சரோஜா அக்கா திரும்பி, “நாம வந்தப்பவும் நம்மளச் சிலோன்காரங்கன்னும், ஒண்ணும் தெரியாதவங்கன்னும்தான் சொன்னாங்க” என்றார். எனக்காகப் பரிந்து பேசினார் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு இரண்டு வாரம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சமிருந்த வேரை நானே தோண்டி எறிந்தேன். கவிதாவின் தோளில் போட்ட தையலைப் பிரிக்கும் நாளில் நானும் ஜீப்பில் கூடப் போனேன். திரும்பி வந்ததும் அக்கா ஒரு பிடி மிளகாய் நாற்றைப் பின்வாசலில் வைத்துவிட்டு, “இதை அவரு தொட மாட்டாரு” என்றார். இப்போது அதுதான் வளர்க்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடிந்ததும் கோலம் போட எழுந்து, தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவில் காதை ஒட்டி, வெளியே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “யாரு நிக்கிறாங்க அங்க?” என்று பின்னாலிருந்து தங்கை கேட்டாள். தெருவில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. யாருமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை தாழ்ப்பாளை நீக்கவில்லை.